அடுப்புச் சுவரின் புள்ளிகள்

யய்யா, இந்தக் கடிதத்தைச் செல்லையா அண்ணாச்சி எழுதவில்லை. நான்தான், உன் அப்பாதான் எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே நீ திகைத்திருப்பாய். அண்ணாச்சியின் எழுத்து அவருடைய தையல் மாதிரியே நெருக்கமாக, ஒரே சீராக ஓடும். என் எழுத்து தரையில் பரப்பி வைத்த டைல் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கிறது. நூல் பிடித்துப் பார்த்தாலும் வரி கோணுகிறது. ஆனாலும் என்னுடைய எழுத்து. அறுபத்திரண்டு வயதில் எனக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன். மாட்டுங்காவில் கடைப் பலகைகளைப் படித்துக்கொண்டே நடந்ததில் போன மாதம் ஒரு பூக்காரியின் கூடையை மிதித்துவிட்டேன். அவள் திட்டியதுகூட எனக்கு அன்றைக்கு இனிப்பாக இருந்தது. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் எழுத வருகிறது. ஆகவே நீ ஒரு மூச்சில் படிப்பது எனக்கு ஒரு வார வேலை என்று நினைத்துக்கொள்.

உன் கடிதம் வந்த அன்று அதை வாங்கி, பல குடிகள் இருக்கும் நம் சால் கட்டடத்தின் வாசலிலேயே நின்று படித்தேன். தபால்காரன் போகாமல் நின்று, "அரே பாபா, குத் பட்தா ஹை?" என்று சிரித்தான். நீயே படிக்கிறாயா என்று கேட்கிறான். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இரண்டாம் தடவையும் படித்தேன். மொத்தம் ஏழு வரி. குன்னூரில் உனக்கு ரயில்வே குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது. முன்பு அங்கே இருந்த வெள்ளைக்கார ஃபோர்மன் கப்பலேறிப் போய்விட்டான். முன்னறையில் குளிர்காய்கிற அடுப்பு ஒன்று சுவருக்குள்ளேயே கட்டியிருக்கிறது. அதைச் சுற்றிச் சுவர் கரி பிடித்து, டைல் பெயர்ந்து கிடக்கிறது. மேலே அவன் மான் தலை மாட்டியிருந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது. மருமகள் அந்தச் சுவரை அழகாக்க ஆசைப்படுகிறாள். என்ன செய்யலாம் என்று யாரிடமாவது சொல்லி எழுதவும். அம்மாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்குப் பிறகு நீ எனக்கு எழுதிய முதல் கடிதம் ஓர் அடுப்புச் சுவரைப் பற்றியது. அதை நான் தற்செயலாக எடுத்துக்கொள்ளவில்லை.

முதலில் நீ கேட்டதைச் சொல்லிவிடுகிறேன். அதற்குக் கணப்பு என்று பேர், அண்ணாச்சி சொன்னார். என் வாழ்நாளில் ஒரே ஒரு கணப்புக்கு டைல் ஒட்டியிருக்கிறேன். யுத்தத்துக்கு முன்னால், மாட்டுங்காவில் புதுக் கட்டடங்கள் வரிசையாக எழும்பியபோது, ஒரு சேட் தன் மூன்றாம் மாடி வீட்டில் கட்டச் சொன்னார். வேர்வை வழியும் இந்த ஊரில் எதற்கு என்று எங்கள் மேஸ்திரி முகாதம் கேட்டதற்குச் சேட், "ஆக் நஹி, ஷோபா சாஹியே" என்றார். நெருப்பு வேண்டாம், அழகு போதுமாம். புகை போக வழியே இல்லாத அந்த அடுப்புக்குப் பச்சையும் மஞ்சளுமாகச் சூரியக் கதிர் விரிகிற மாதிரி டைல் பதித்தேன். உள்ளே சிவப்புத் தாள் சுற்றிய பல்பு ஒன்றைப் போட்டார்கள். வீட்டுக்கு வந்து இதை உன் அம்மாவிடம் சொன்னேன். "தீ இல்லாத அடுப்பா? அப்ப அந்த வீட்டுல சோத்துக்குப் பதிலா வெளிச்சத்தத் திங்காவளா?" என்று கேட்டு, கரண்டியோடு உட்கார்ந்து சிரித்தாள். அன்று முழுவதும் அவளுக்குச் சிரிப்பு நிற்கவில்லை. சோறு கேட்டபோதெல்லாம், "பல்பு போடட்டா?" என்றாள். நீ அப்போது மில் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாய். நீயும் சிரித்தாய்.

உன்னுடையது நெருப்பு எரிகிற கணப்பு. ஆகவே அவசரப்படாதே. ஒரு மழைக்காலம் முழுக்க அதை எரித்துப் பார். புகை எந்தப் பக்கம் சாய்கிறது, சூடு சுவரில் எதுவரை ஏறுகிறது என்று அந்த வீடே காட்டும். அதற்கப்புறம் அலங்காரம். பெயர்ந்த டைலைச் சிமெண்டில் ஒட்டாதே, சூட்டில் வெடிக்கும். சுண்ணாம்புக் காரையில் களிமண் சேர்த்து ஒட்டு. டைலுக்கு டைல் ஒரு நூல் இடைவெளி விடு. சூடு பட்டால் அதுவும் மூச்சு விட்டுப் பெருகும். மரப்பலகை வைப்பதானால் கணப்பின் வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி வை. முக்கியமானது ஒன்று: கரி படிந்த சுவரில் கரியைச் சுரண்டாமல் சுண்ணாம்பு அடிக்காதே. எத்தனை பூச்சு பூசினாலும் கரி உள்ளிருந்து கசிந்து வெளியே வரும். இது ஒவ்வொரு கொத்தனுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு தடவை சுரண்டாமல் பூசினேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு நீளமாகப் போகிறது.

நம் கோலியின், அந்த ஒற்றை அறை வீட்டின், அடுப்புச் சுவரை நீ கடைசியாக முழுதாகப் பார்த்தது பட்டாளத்துக்குப் புறப்பட்ட அன்றைக்கு. அடுப்பைச் சுற்றி நான் சைட்டிலிருந்து கொண்டுவந்த உடைந்த டைல் துண்டுகளை அம்மா தானே பதித்திருந்தாள். என்னைத் தொட விடவில்லை. "நீங்க ஒட்டுனா சேட்டு வீடு மாதிரி ஆயிரும், இது எங்க வீடு" என்றாள். நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் வரக்கூடாது என்பது மட்டும்தான் அவளுக்குக் கணக்கு. அதற்கு மேலே ஒரு முழ அகலத்துக்குச் சுவர் சும்மா கிடந்தது. விறகும் மரத்தூளும் எரித்து எரித்துக் கறுத்த சுவர். நீ போன பிறகு வந்த முதல் கடிதத்தை அண்ணாச்சி படித்துக் காட்டியதும், அவள் வெற்றிலைக்கு வைத்திருந்த சுண்ணாம்பை விரலில் தொட்டு அந்தக் கறுப்பில் ஒரு புள்ளி வைத்தாள். ஒரு கடிதத்துக்கு ஒரு புள்ளி. வரிசை பிடித்து, கோலத்துக்கு வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டே போனாள். புகையில் பழைய புள்ளி பழுப்பாகும், புதுசு பளிச்சென்று இருக்கும். "இது பழுத்த கடுதாசி, இது பச்சக் கடுதாசி" என்று பக்கத்துக் கோலிப் பெண்களுக்குக் காட்டுவாள். புள்ளி மட்டும் வைக்கிறாயே, கோடு எப்போது போடுவாய் என்று கேட்டால், "எம்மவன் வரட்டும். அவன் கால் வாசல்ல பட்டதும் இழை போட்டு முடிச்சிருவேன்" என்பாள். இதை அண்ணாச்சி உனக்கு எழுதியிருந்தார். நீயும் பதிலில், புள்ளி எத்தனை ஆயிற்று என்று கேட்பாய்.

அப்புறம் கடிதம் நின்றது. நீ பர்மாப் பக்கம் போயிருக்கிறாய் என்பது மட்டும் தெரியும். ஒரு மாதம் பொறுத்தோம். அம்மா தபால்காரனைப் பார்த்ததும் அடுப்பை விட்டு எழுந்து வருவதும், அவன் கடந்து போனதும் திரும்ப உட்காருவதும் என்னால் பார்க்க முடியவில்லை. நான் அண்ணாச்சியின் தையல் கடைக்குப் போனேன். உன்னுடைய பழைய கடித உறை ஒன்றை அவர் மிஷின் மேல் வைத்து, "அண்ணாச்சி, இதுல புதுசா ஒண்ணு படிச்சிருங்க" என்றேன். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "பாவம்லா அது" என்றார். "அவ சாப்பிடாமக் கெடக்கது பாவமில்லையா?" என்று நான்தான் கேட்டேன். நானே கெஞ்சினேன். நீ யாரையாவது குறை சொல்வதானால் என்னைச் சொல்.

அண்ணாச்சி நல்ல மனிதர், ஆனால் பொய்க்குப் பழக்கமில்லாதவர். உறைக்குள்ளிருந்து பழைய தாளை எடுத்து, நீ நலமாக இருக்கிறாய், நன்றாகச் சாப்பிடுகிறாய் என்று படித்தார். அம்மா கேட்டுவிட்டு, "என்ன அண்ணாச்சி, இந்தத் தடவ கருவாடு கேக்கலியே?" என்றாள். நீ எந்தக் கடிதத்திலும் கருவாட்டை விட்டதில்லை. அடுத்த மாதத்துப் பொய்க் கடிதத்தில் அண்ணாச்சி அதற்கும் சேர்த்துப் போட்டுவிட்டார். நெத்திலி, வாளை, சாளை என்று ஒரு மீன் கடையையே படித்தார். அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். "எம்மவன் சாள திங்க மாட்டான்லா?" அண்ணாச்சி வேர்த்துப்போய், "பட்டாளத்துல பழகிட்டாம்போல மைனி" என்றார். "ஆமா, பட்டாளம் எல்லாத்தையும் பழக்கிரும்" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப் பக்கம் திரும்பி ஒரு புள்ளி வைத்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். இப்படி ஐந்து மாதம், ஐந்து கடிதம், ஐந்து புள்ளி. ஆறாவது மாதம் உன் உண்மையான கடிதம் வந்தது. அண்ணாச்சி அதை உரக்கப் படித்தார். நடுவில் ஓரிடத்தில் இருமினார். அம்மா அழுதாள். அதுவரை எந்தக் கடிதத்துக்கும் அவள் அழுததில்லை. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். நான் அவ்வளவுதான் தெரிந்தவன்.

யுத்தம் முடிந்து, நீ லீவு கேட்டிருக்கிறாய் என்று கடிதம் வந்த பிறகு அவளுக்குக் காய்ச்சல் கண்டது. எட்டு நாள். கடைசி நாளில்கூட இழை போட மாக்கல் இருக்கிறதா என்று கேட்டாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்பது நம் வழக்கம். கொத்தன் வீடு, வேறு ஆளைக் கூப்பிடுவேனா? நானே அடித்தேன். அடுப்புச் சுவரை மட்டும் விட்டுவிட நினைத்தேன், யய்யா. சத்தியமாக. சுற்றிலும் அடிக்கும்போது அதன்மேல் தெறித்ததை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்ததும் ஒரு புள்ளி கரைந்து சாம்பல் நிறத்தில் கோடாக இறங்கியது. சுண்ணாம்புப் புள்ளி கரையாது. காய்ந்த சுண்ணாம்பு கல்லாகிவிடும், கையால் தேய்த்தாலும் போகாது. பக்கத்துப் புள்ளியைத் தொட்டேன். அதுவும் கரைந்தது. ஐந்து புள்ளி கரைந்தன. அந்த ஐந்தும் ஒரே இடத்தில், வரிசையாக. மற்ற எதுவும் அசையவில்லை.

அடுப்புச் சாம்பலைக் குழைத்து வைத்திருக்கிறாள். அந்த இருட்டுக் கோலியில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. அவளுக்கு முதல் நாளிலேயே தெரிந்திருக்கிறது. ஐந்து மாதம் நானும் அண்ணாச்சியும் அவள் முன்னால் நாடகம் ஆடினோம். எங்கள் மனம் நோகக்கூடாது என்று அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு சொல் என்னிடம் கேட்கவில்லை. நானும் அவளிடம் ஒரு சொல் சொல்லவில்லை. ஆறடிக் கோலியில், ஒரே அடுப்பின் முன்னால், அந்தப் பயத்தை அவள் தனியாக வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். எனக்கு அந்தச் சுவரைப் பார்க்க முடியவில்லை. கரியைச் சுரண்டக்கூடத் தோன்றவில்லை. மட்டையைச் சுண்ணாம்பில் முக்கி அப்படியே பூசினேன். ஒரு பூச்சு போதும். மூன்று பூச்சு பூசினேன்.

சுவரைப் பூசிய நாலாம் நாள் நீ வந்தாய். பெட்டியைக்கூட இறக்கி வைக்காமல் அடுப்புப் பக்கம் பார்த்தாய். "அம்மா புள்ளி எங்கப்பா?" என்றாய். பதினாறாம் நாள் வெள்ளை அடிக்கிற வழக்கம் என்று சொன்னேன். அது உண்மை. ஆனால் பாதி உண்மை. "அவ கைய அழிச்சிட்டியளே" என்றாய். அதற்குமேல் நீ என்னிடம் சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம். பெட்டியை எடுத்துக்கொண்டு போனவன் எழுதுவதையும் விட்டுவிட்டாய். உன் கல்யாணத்துக்கு வந்து மூன்று நாள் இருந்தேன். பந்தலைப் பற்றியும் ரயில் நேரத்தைப் பற்றியும் மட்டும்தான் பேசினோம். தாலி கட்டும்போது உன் விரல் மடங்காமல் முடிச்சு விழத் திணறினாய். மாப்பிள்ளைக்குக் கை நடுங்குது என்று எல்லோரும் சிரித்தார்கள். உன் கையில் தழும்பைப் பார்த்தும் பட்டாளத்துக் காயம் என்று கேட்காமல் விட்ட நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். அம்மா போன பிறகு அண்ணாச்சி யாருக்கும் கடிதம் படித்துக்கொடுப்பதை விட்டுவிட்டார். சாலில் யார் உறையை நீட்டினாலும், "கண்ணு தெரியல" என்பார். ஊசியில் நூல் கோர்க்கும்போது மட்டும் கண் தெரியும். நான் ஒரு நாள் கோபமாகக் கேட்டேன். "இனிமே ஒம்ம கடுதாசிய நீரே படியும்வே. நான் படிச்சது போதும்" என்றார். மறுநாள் அவரே ஒரு சிலேட்டைக் கொண்டுவந்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அவர் கடையில் உட்கார்ந்து படித்தேன். சுண்ணாம்பு தின்ற விரலுக்குப் பலப்பம் பிடிபட மூன்று மாதம் ஆயிற்று. எழுத்துக் கூட்டிப் படிக்க வந்ததும், உன் கடிதங்கள் இருக்கிற தகர டப்பாவைத் திறந்தேன். முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். உன் குரல் எனக்கு நேராகக் கேட்டது. அவ்வளவு சந்தோஷம், யாரிடம் சொல்வது? அடுப்பைப் பார்த்துச் சொன்னேன்.

அப்படியே அந்த ஆறாவது மாதக் கடிதத்துக்கு வந்தேன். எழுத்து வேறு மாதிரி இருந்தது. கோணலாக, ஒவ்வொன்றும் தனித்தனியாக, இப்போது நான் எழுதுகிற மாதிரியே. வண்டி தீப்பிடித்ததில் வலது கை வெந்துவிட்டது, ஐந்து மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன், வேறு ஆளை வைத்து எழுதினால் நீங்கள் பயப்படுவீர்கள் என்று எழுதவில்லை, இடது கையால் எழுதப் பழகியிருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கடுத்து ஒரு வரி: கடிதம் வராமல் அம்மா பயந்தாளா?

கடிதத்தை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் ஓடினேன். அவர் பார்த்ததும் மிஷினை நிறுத்தினார். "எப்ப வருவீருன்னுதான் இருந்தேன்" என்றார். "அஞ்சு மாசமும் கடுதாசி வந்துச்சுன்னு மைனிகிட்டப் படிச்சாச்சு. பொறவு அஞ்சு மாசம் எழுதலன்னு எப்படிவே படிப்பேன்? இருமி முழுங்கிட்டேன். பதில்லயும் எழுதல. அந்த ஒரு வரிய முழுங்குனது தொண்டையிலேயே நிக்கி. அதான் ஒமக்கு எழுத்து சொல்லிக் குடுத்தேன்." நான் அவரைத் திட்டவில்லை. உறையைக் கொண்டுபோய்க் கொடுத்தது நான்.

ஆக, யய்யா, வெந்த கையோடு நீ ஒன்று கேட்டாய், உனக்குப் பதில் வரவில்லை. நாங்கள் கருவாடு அனுப்பியதைப் பற்றி எழுதினோம். உன் கடிதம் நின்றதுகூட எங்களுக்குத் தெரியவே இல்லை என்று அத்தனை வருஷமும் நினைத்திருப்பாய். அப்புறம் வீட்டுக்கு வந்தால் அம்மாவும் இல்லை, அவள் வைத்த புள்ளியும் இல்லை. நீ போகாமல் என்ன செய்வாய்? நீ கேட்டதற்கு இப்போது நானே என் கையால் பதில் எழுதுகிறேன். பயந்தாள். ஐந்து மாதமும் பயந்தாள். நாங்கள் சொன்ன எதையும் நம்பவில்லை. நீ எழுதாத ஒவ்வொரு கடிதத்துக்கும் சாம்பலால் இடம் பிடித்து வைத்தாள். உன் கோணல் எழுத்துக் கடிதம் வந்த அன்று அழுதது பயம் இறங்கிய அழுகை. அன்றைக்கு வைத்த புள்ளி சுண்ணாம்பு.

இனி உன் சுவருக்கு வருகிறேன். மான் தலையின் தடத்தைச் சுரண்டிவிடு, அது நம் வீட்டு ஆள் இல்லை. டைலை மருமகளே ஒட்டட்டும். நீலத்துக்குப் பக்கத்தில் நீலம் வந்தாலும் நீ வாயைத் திறக்காதே. அவள் சும்மா இருந்தால் மட்டும் என்னவென்று கேள். நான் கேட்காமல் இருந்தவன், அதனால் சொல்கிறேன். மேலே ஒரு முழம் சுவரை ஒன்றும் செய்யாமல் அவளுக்கு விட்டு வை.

நம் கோலியில் இரண்டு மழைக்காலம் போய்விட்டது. சுரண்டாமல் பூசினேன் அல்லவா? கரி கசிந்து, மூன்று பூச்சையும் தாண்டிச் சுவர் பழுப்பேறிவிட்டது. அம்மா வைத்த சுண்ணாம்பு இருந்த இடத்தில் மட்டும் கரியால் வர முடியவில்லை. அங்கங்கே வெளுப்பாக, ஒவ்வொன்றாக, புள்ளிகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. முதலில் என் கண்ணையே நம்பாமல் அண்ணாச்சியைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். இந்தப் பொங்கலுக்கு நான் வெள்ளை அடிக்கவில்லை. இனியும் அடிக்கப்போவதில்லை. வரிசையின் நடுவே ஐந்து இடம் மட்டும் காலியாக இருக்கிறது. நான் தொடவில்லை, அது என்னுடைய இடமில்லை. மருமகளையும் கூட்டிக்கொண்டு ஒரு லீவுக்கு வா. அம்மாவுடைய சுண்ணாம்பு டப்பாவில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறேன். தண்ணீரில் கிடந்தால் சுண்ணாம்பு எத்தனை நாளானாலும் இறுகாது. அந்த ஐந்தையும் நீதான் வைக்க வேண்டும். இடது கையாலேயே வை.